சிரித்ததையும் எழுதுங்கள்

கல்லூரி முதல்வர் அறை வாசலில் பதினேழு வருஷமாக நிற்கிறேன். டீ கொடுப்பது, ஃபைல் தூக்குவது, ஆளைக் கூப்பிடுவது. படிப்பு நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு தடவை அப்படிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர நானே சம்மதித்ததாக ஆகிவிட்டது. அன்றிலிருந்து எவனையும் நம்புவதில்லை. இங்கே எனக்குப் பெயரே 'சந்தேகம்'.

வேதியியல் பேராசிரியை புகார் கொடுத்திருந்தார். துறைத் தலைவர் பதவிக்கு அவர்தான் மூத்தவர். பின்னால் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெண் என்பதால்தான் என்று எழுதிவிட்டார். அந்த அம்மா மேல் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. டீ குடித்த டம்ளரை ஜன்னலிலேயே விட்டுவிட்டுப் போகிற ஆள். ஆனால் அந்தப் பதவிக்கு நேர்காணல் நடந்த அன்று அழைப்பு மணி கெட்டுப்போய், என்னைக் கதவுக்கு உள்ளேயே நிற்க வைத்திருந்தார்கள். எல்லாம் காதில் விழுந்தது.

புகார் விசாரணையன்று கல்லூரி ஆபீஸ் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். நான் சொன்னதாக அவரே டைப் அடித்து வைத்தது.

"பெருசு, ஒரு கையெழுத்துப் போடு."

"படிச்சிட்டுப் போடறேன்."

"நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்யா!"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். தாளோடு போனேன். வெளியிலிருந்து வந்த வக்கீலம்மா விசாரித்தார். ஒரு பக்கம் முதல்வர், எதிரே பேராசிரியை. விரலை வைத்துச் சத்தமாகவே படித்தேன். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். 'பாடத்தைப் பற்றி மட்டுமே கேட்டார்கள்' என்ற வரியில் விரல் நின்றது.

"இது பொய்யி," என்றேன்.

"உன் வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கக் கேட்டிருந்தல்ல?" என்றார் முதல்வர், குரலில் தேன் ஒழுக.

"கேட்டேன் சார். அதுக்கும் இதுக்கும் என்ன?"

வக்கீலம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "நீங்க சொல்லுங்க ஐயா. என்ன கேட்டாங்க?"

"'குழந்தை சின்னது, வீட்டுக்குப் போக லேட்டாகும், வீட்டுக்காரர் ஒத்துப்பாரா'ன்னு இந்தம்மாகிட்ட கேட்டாங்க. அடுத்து வந்தாரே, பதவி கிடைச்ச சாரு, அவருக்கு மூணு பிள்ளைங்க. அவரை வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

வக்கீலம்மா எழுதித் தாளை என் பக்கம் தள்ளினார். அதிலும் விரலை வைத்தேன். கால் மணி நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணு விட்டுப்போச்சும்மா. வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டுட்டு, முதல்வரோட சேர்த்து கேள்வி கேட்ட மூணு பேரும் சிரிச்சாங்க. இந்தம்மா சிரிக்கல."

"சிரிச்சதெல்லாமா எழுதுவாங்க?" என்றார் முதல்வர்.

"எழுதுங்க," என்றார் பேராசிரியை. அன்று அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

வக்கீலம்மா எழுதினார். அந்த வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்புறம்தான் பேனாவை வாங்கினேன்.