அதே எண்

சூர்யகலாவின் விரல்களைப் பிரித்துப் போனை உருவினான் பரத். மனைவியைக் குளிப்பாட்டி, புதுப்புடவை சுற்றி, பாடையில் கிடத்தியிருந்தார்கள்.

"என்னா பண்றீங்க மாப்ள?" மாமியார் வேலம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "போவும்போது இது கையில இருக்கணும்னு கேட்டுக்கிச்சி."

"எப்போ?"

"ஆஸ்பத்திரில. நீங்க டீ வாங்கப் போனப்ப."

கலா அவனிடம் அதைச் சொல்லவில்லை.

"அஞ்சு நிமிசம் அத்தை."

"கழியில ஓதத் தண்ணி ஏறுது. வரப்பு முழுகிட்டா சுடுகாட்டுக்கு எப்படிப் போறது?"

மூன்று மாதம் படுத்தபடியே கலா ஆடிய விளையாட்டு அந்தப் போனில் இருந்தது. சார்ஜ் நான்கு சதவீதம். அவள் தம்பி கார்த்திகேசன் குனிந்து பார்த்தான்.

"செட்டிங்ஸ்ல 'சீட்'னு, வெத மாதிரி ஒரு நம்பர் இருக்கும் மாமா. அத எடுத்துக்கங்க. மலை, கடல் எதையும் யாரும் வரைஞ்சு வைக்கல. அந்த நம்பர வச்சி கேமே கணக்குப் போட்டு உண்டாக்குது. உங்க போன்ல போட்டாலும் அதே ஊருதான் வரும்."

பரத் தன் போனில் அதே விளையாட்டைத் திறந்து பதினோரு இலக்கத்தையும் அடித்தான்.

வந்தது. அதே வளைந்த கடல், அதே இரட்டைப் பாறை. "நம்ம உப்பளம் மாதிரியே இருக்குது" என்று கலா காட்டிய வெள்ளை நிலம். அவன் போனில் அங்கே எதுவும் இல்லை. அவள் போனைத் திறந்தான். அதே இடத்தில் உப்புப் பாத்திகள், நீலக் கதவு போட்ட வீடு. உள்ளே போனான். இரண்டு கட்டில். நடுவில் சின்னதாக ஒரு கட்டில். அதை அவன் பார்த்ததில்லை.

"என்னுதுல வீடு எங்க மச்சான்?"

கார்த்திகேசன் குரல் இறங்கியது. "நம்பர்லேர்ந்து தரைதான் மாமா வரும். அக்கா கட்டுனதெல்லாம் அந்த போன்லதான் சேவ் ஆயிருக்கும். லாப்டாப் கொண்டாந்தா காப்பி எடுக்கலாம். ஒரு மணி நேரம் ஆவும்."

"ஒரு மணியா? தண்ணி நிக்குமா உனுக்கு?" மகனிடம் சீறிவிட்டு வேலம்மாள் பரத் பக்கம் திரும்பினாள். "கடைசியா கேட்டது அது ஒண்ணுதான் மாப்ள. சோறுகூட கேக்கல."

மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.

பரத் சின்னக் கட்டிலையே பார்த்தான். மூன்று சதவீதம். இரண்டு. பிறகு போனைக் கலாவின் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கினான்.

"ஏம்பா, தூக்குங்க!"

வரப்பில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. மேளம் முன்னே வெகுதூரம் போய்விட்டது. பரத்தின் சட்டைப் பையில், அணைக்க மறந்த போனுக்குள், ஆளில்லாத கரையில் அலை இரைச்சலோடு அடித்துக்கொண்டிருந்தது.

"யார்து அந்த போனு? ஆப் பண்ணுங்கப்பா" என்றார் பின்னால் வந்தவர்.

பரத்தின் இரண்டு கைகளும் பாடையில் இருந்தன.