கென்யிரில் மேல்கட்டில் யாருக்கு?

மகள் ஆரபியின் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோது, காட்டுக்குப் போவதற்கும் சேர்த்தே சம்மதிக்கிறோம் என்று சிவசுப்பிரமணியத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் யோசித்திருப்பார்.

யோசனை மாப்பிள்ளை டாரியஸுடையது. மலேசியாவின் திரங்கானுவில் கென்யிர் ஏரி. சுற்றிலும் காடு, கரையில் ஒரு மரவீடு. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் அங்கே தங்கி, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டு வரவேண்டும். அப்பா முகத்தைச் சுளிக்கும் முன்பே ஆரபி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"நீங்களும் டாரியஸோட அப்பாவும் பேசினா ஆபீஸ் மீட்டிங் மாதிரி இருக்குப்பா. இந்த ட்ரிப்புக்கு நீங்க வரலன்னா மண்டபம், மேளம் ஒண்ணும் வேணாம். நாங்க போய் சைன் பண்ணிட்டு வந்துடுறோம்."

ஒரே மகள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாளாம் என்று உறவுக்காரர்கள் பேசுவதை அவர் நினைத்துப் பார்த்தார். அதற்குக் காடே தேவலை என்று தோன்றியது.

திட்டம் போடுவதற்கு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பிடோக்கிலிருந்து, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு வந்திருந்தார்கள். டாரியஸின் அப்பா இஞ்ஞாசி ஜூரோங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, ஓயாத சிரிப்பு. இன்னும் தாலியே ஏறவில்லை, அதற்குள் வாய் நிறைய "சம்பந்தி, சம்பந்தி" என்பார். சிவசுப்பிரமணியம் பதிலுக்கு "மிஸ்டர் இஞ்ஞாசி" என்பார். தலைமை எழுத்தராக இருந்தவர். எதற்கும் ஒரு முறை உண்டு என்பவர்.

அவர் மனைவி குணமணிக்கும் இஞ்ஞாசியின் மனைவி அல்போன்சம்மாளுக்கும் இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. மசாலாத்தூள் யார் கொண்டுவருவது என்பதில் இறங்கிவிட்டார்கள்.

"அங்க அட்டைப்பூச்சி நிறைய இருக்குமாமே?" என்றார் குணமணி.

"இருந்தா இருந்துட்டுப் போகுது லா," என்றார் இஞ்ஞாசி. "பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடுன்னா பார்க்கப் போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள். சிவசுப்பிரமணியம் மட்டும் ரசத்தைக் கவனித்தார்.

டாரியஸ் கைப்பேசியில் மரவீட்டின் படங்களைக் காட்டினான். "ஸ்கூல் ஹாலிடேஸ், அங்கிள். இது ஒண்ணுதான் கிடைச்சது. லேடீஸுக்குப் பெரிய ரூம். உங்க ரெண்டு பேருக்கும் இந்தச் சின்ன ரூம். நான் வெளிய டென்ட் போட்டுக்குவேன்."

படத்தில் ஒரு கட்டில் இருந்தது. அதன் தலைமேல் இன்னொரு கட்டில் இருந்தது. டபுள் டெக்கர்.

"மேல்கட்டில் எனக்கு!" என்று கையைத் தூக்கினார் இஞ்ஞாசி. "கிரேன்ல ஏறி ஏறிப் பழகின உடம்பு. சம்பந்தி கீழ நிம்மதியாத் தூங்கட்டும்."

நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் சிவசுப்பிரமணியத்தின் கண்முன் வேறு காட்சி விரிந்தது. மாப்பிள்ளையைப் பெற்றவர் மேலே, பெண்ணைப் பெற்றவர் கீழே. அவர் கால், இவர் தலைக்கு நேர் மேலே. பெண்ணைக் கொடுக்கிறோம், தலையையுமா கொடுக்கிறோம்?

"மிஸ்டர் இஞ்ஞாசி, மேல நான் படுத்துக்கிறேன்."

குணமணி திடுக்கிட்டார். "உங்க முழங்கால்..."

"முழங்காலுக்கு என்ன?"

அந்தப் பார்வையைக் குணமணி பல வருடமாக அறிவார். "ஒண்ணுமில்ல. ரெண்டு இருக்குன்னு சொல்ல வந்தேன்," என்று அப்பளத்தை நொறுக்கினார்.

வாயால் ஏறியாகிவிட்டது. இனி உடம்பால் ஏறவேண்டும். குவீன்ஸ்டவுன் வீட்டில் மின்தூக்கி பழுதாகும் நாளில் பத்திரிகை வாங்கக்கூடக் கீழே இறங்காதவர் அவர். அந்த இரகசியம் பிடோக் வரை போகக்கூடாது. ஏரிக்கரையில் சம்பந்தி பார்க்க ஏணியில் தடுமாறுவதைவிட, யாரும் பார்க்காத இடத்தில் ஒத்திகை பார்ப்பது உத்தமம்.

அடுத்த சனிக்கிழமை, குணமணி அல்போன்சம்மாளோடு தேக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, ஜாலான் புசார் பக்கம் கட்டில், மேசை விற்கும் ஓர் அறைகலன் கடைக்குள் நுழைந்து, ஒரு டபுள் டெக்கர் கட்டில்முன் நின்றார். யாமினி என்று பெயர்ப்பட்டை அணிந்த விற்பனைப் பெண் ஓடி வந்தாள்.

"பேரப்பிள்ளைக்கா அங்கிள்?"

"எனக்கு. ஏறிப் பார்க்கலாமா?"

அவள் அவரையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். சிவசுப்பிரமணியம் காலணியைக் கழற்றிச் சேர்த்து வைத்தார். கொடியேற்றப் போகிறவர்போல நிமிர்ந்து நின்று, வலது காலை வைத்து ஏறினார். கம்பிகளைக் கையால் இழுத்து, பல்லைக் கடித்து, மேலே போயே போய்விட்டார். மல்லாந்து படுத்தபோது கூரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கீழ்க்கட்டிலில் இஞ்ஞாசி படுத்திருப்பதாக எண்ணிக்கொண்டார். மனத்துக்கு இதமாக இருந்தது.

இறங்கத்தான் முடியவில்லை. திரும்பிப் படுத்துக் காலை நீட்டினால் ஏணிப்படி அகப்படவில்லை. முழங்காலை மடக்கினால் உயிர் போயிற்று.

"ஓகேவா அங்கிள்?"

"மெத்தை நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்."

மூன்றாவது முறை அவள் வந்து கேட்டபோது, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கைப்பேசியில் மனைவியை அழைத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"கடையில."

"கடையில எங்க?"

"மேல."

"மாடியிலயா?"

"கட்டில்ல," என்றார் சிவசுப்பிரமணியம். மற்றதைக் குணமணியே புரிந்துகொண்டார்.

வந்தவர் தனியாக வரவில்லை. கூடவே அல்போன்சம்மாள். பின்னால், இரண்டு கையிலும் காய்கறிப் பைகளோடு இஞ்ஞாசி. சிவசுப்பிரமணியம் கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. இஞ்ஞாசி பைகளை வைத்துவிட்டு ஏணியருகே முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

"காலை என் தோள்ல வைங்க சம்பந்தி. மெதுவா இறக்கிடுறேன்."

"முடியாது."

"எவ்வளவு வெயிட்னாலும் தாங்குவேன்."

"வெயிட் இல்ல. மாப்பிள்ளையைப் பெத்தவர் தோள்ல நான் காலை வைக்கிறதா? எங்க வீட்டுல எங்களை அப்படி வளர்க்கல."

"அப்போ கட்டிலோடயே வாங்கிட்டுப் போயிடலாம்," என்றார் அல்போன்சம்மாள்.

"வேணாம்மா. வீட்டுக்குப் போயும் இறங்க மாட்டார்," என்றார் குணமணி.

"ஃப்ரீ டெலிவரி இருக்கு ஆன்ட்டி," என்றாள் யாமினி.

மெத்தை பார்க்க வந்தவர்கள் மெத்தையை விட்டுவிட்டு இவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் கிடப்பது தமக்கு அவமானம். காலை வைப்பது சம்பந்திக்கு அவமானம், மகள் வாழப்போகிற வீட்டுக்கு அவமானம். முந்தியதைச் சகிக்கலாம் என்று அவர் அசையாமல் கிடந்தார்.

"சம்பந்தி, எனக்கும் வயசாச்சு. ரொம்ப நேரம் குனிஞ்சு நிக்க முடியாது," என்றார் இஞ்ஞாசி மெல்ல.

அதற்குமேல் அவரை நிற்கவைப்பதும் மரியாதையில்லை. சிவசுப்பிரமணியம் காலுறையின் தூசியைத் தட்டிவிட்டு, காலை இறக்கினார். தோள் இரும்பாக இருந்தது. "மன்னிச்சுக்கணும் சம்பந்தி," என்றார். சம்பந்தி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அல்போன்சம்மாள் குணமணியைக் கிள்ளினார்.

தரைக்கு வந்ததும் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"டாரியஸ்கிட்டச் சொல்லி வேற இடம் பார்க்கலாம்," என்றார் இஞ்ஞாசி. "இல்லன்னா நான் தரையில படுத்துக்கிறேன்."

"கூடாது. என் கால் உங்க தோள்ல பட்டாச்சு. இந்தக் குறையை வச்சுக்கிட்டு நான் மணவறையில நிக்க மாட்டேன். கென்யிர்ல நீங்கதான் மேல படுக்கணும். உங்க கால் என் தலைக்கு மேல இருக்கட்டும். ரெண்டும் சரியாப் போயிடும்."

குணமணி வாயைப் பொத்திக்கொண்டார். இஞ்ஞாசி தோளைத் தடவியபடி வெகு தீவிரமாக யோசித்தார்.

"நாம தங்குறது ரெண்டு ராத்திரியாச்சே சம்பந்தி. நீங்க மிதிச்சது ஒரு தரம்தானே?"

நியாயமான கேள்வி. சிவசுப்பிரமணியம் அதற்கும் ஒரு முறை கண்டார்.

"அப்போ ரெண்டாம் ராத்திரிக்கு ஈடா, மறுநாள் காலையில எனக்கு டீ நீங்க போடணும்."