டூவாவுக்கு வைத்த கறி

டோர்க்னி கையைத் தூக்கி ஒப்புக்கொண்டபோதே அவன் மூஞ்சி சரியில்லை. எங்கள் வேட்டைக் குழுவுக்கு அவன்தான் தலைவன். ஆனால் மூஸ் மானை மோப்பம் பிடித்துப் போய், குரைத்துக் குரைத்தே அதை நகரவிடாமல் நிறுத்துகிறவள் என் நாய் டூவா. அவள் இல்லையென்றால் இந்தச் சூரர்கள் அத்தனை பேரும் யெம்ட்லாந்துக் காட்டில் மரத்தடியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த டூவா போன இலையுதிர்காலத்தில் கால் தள்ளாடி, வாந்தியெடுத்து, வலிப்பு வந்து விழுந்தாள். மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு ஈயம் என்றார். மானை நிறுத்திய நாய்க்கு, குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றிக் கன்றிப்போன கறியைப் போடுவது எங்கள் வழக்கம். ஈயக்குண்டு உடம்புக்குள் போனதும் தூள்தூளாகச் சிதறும். அந்தத் தூளைத்தான் பரிசு என்று வருஷக்கணக்காக அவளுக்கு ஊட்டியிருக்கிறோம். இன்னொரு முறை உள்ளே போனால் பிழைக்க மாட்டாள் என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

கோடைக் கூட்டத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். டூவா ஓடுகிற காட்டில் எல்லோரும் செப்புக்குண்டுதான் போட வேண்டும், இல்லையென்றால் அவள் வரமாட்டாள்.

"செம்பு எங்கேர்ந்து, ஸிக்னே? காப்பிக் கெண்டிய உருக்கிட்டியா?" என்று என்னைக் கேட்டான் டோர்க்னி. கெக்கெக்கே என்று ஒரே சிரிப்பு.

"நல்லா சிரிங்க. நாய் என்னோடது. வேணும்னா நீங்களே நாலு கால்ல ஓடிக் குரைச்சுக்குங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக மேலே போனது. கடைசியாக அவனுடையது.

முதல் வேட்டை நாளிலேயே டூவா ஒரு காளை மூஸை ஓடைக்கரையில் நிறுத்தினாள். சுட்டவன் டோர்க்னி. கொட்டகையில் தொங்கவிட்டுத் தோலை உரித்தார்கள். நான் டூவாவின் பாதத்தில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், டோர்க்னி கன்றிய கறியை வெட்டி ஒரு தட்டில் போட்டு, அவள் மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கிறான்.

தட்டைப் பிடுங்கினேன். கறியா அது! கூழாக இருந்தது. செப்புக்குண்டு இப்படிச் சிதைக்காது. விரலால் பிசைந்தேன், சாம்பல் நிறத்தில் துணுக்குகள் நெருடின.

"ஈயம் போட்டிருக்க."

"செம்பு போட்டா குறி கீழ எறங்குது. மறுபடி உக்காந்து துப்பாக்கிய சரி பண்ண எனக்கு எங்க நேரம்?"

"நேரமில்லன்னு என் நாயக் கொல்லுவியா?"

"ஒரு துணுக்கு ஈயத்துக்கு ஏன் இந்தக் கத்து கத்துற? நல்ல கறி. எங்கப்பன் தின்னான், நான் திங்கறேன். எவன் செத்தான்?"

"நல்ல கறிதானே?"

"ஆமாங்கறேன்!"

அவனுடைய குட்டிநாய் கிரிம் கதவோரம் கட்டிக் கிடந்தது. தட்டை அதன் முன்னால் வைத்தேன். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்தது. டோர்க்னி எப்படி வந்தானோ தெரியாது, விட்டான் ஒரு உதை. தட்டு சுவரில் மோதிக் கறியெல்லாம் தரையில் தெறித்தது. குட்டியை வாரி எடுத்து அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான்.

கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இங்கெமார் கத்தியைக் கீழே வைத்தான். டோர்க்னியின் பெண்டாட்டிக்குத் தம்பி அவன். அவன் வீட்டில் பால்குடி மறக்காத குழந்தை இருக்கிறது.

"மாமா, போன வருஷம் எங்க வீட்டுக்கு வந்த கொத்துக்கறியும் இந்தக் குண்டு பட்டதுதானா?"

"நாய் வேற, மனுஷன் வேறடா" என்றான் டோர்க்னி. குட்டியை மட்டும் கீழே விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த மூஸின் கறியைப் பங்கு போடும் நாள். வெட்டிய கறியை ஆளுக்கொரு குவியலாகப் பலகையில் வைப்போம். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவர் வாயில் வரும் பெயருக்கு அந்தக் குவியல். அதற்கு மறுபேச்சு கிடையாது. டோர்க்னியின் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். அன்று இங்கெமார் சுவர்ப்பக்கம் திரும்பினான். தொடுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"இது யாருக்கு?"

"டோர்க்னிக்கு."

அடுத்ததைத் தொட்டேன். "இது?"

"டோர்க்னிக்கு."

டோர்க்னி இளித்தான். "என்னடா, குடிச்சிருக்கியா?"

இங்கெமார் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவதைத் தொட்டேன். அதுவும் டோர்க்னிக்கு. என் பங்கு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசிக் குவியல் வரை அதே பெயர்தான்.

ஒவ்வொருவராக வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். மாமன் முகத்தைப் பார்க்காமலே இங்கெமாரும் போனான். அத்தனை கறிக்கும் நடுவில் டோர்க்னி தனியாக நின்றான். காது வரை சிவந்திருந்தது. ஐயோ பாவம் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

"நல்ல கறி, டோர்க்னி" என்றேன். "வண்டியில ஏத்த ஆள் வேணுமா?"