ரஞ்சிதத்தின் சம்மதம்

ராஜமாணிக்கம் காலையிலிருந்து ஓரிடத்தில் இல்லை. கூடத்திலிருந்து வாசலுக்குப் போவார், வாசலிலிருந்து சமையலறைக்கு வருவார், அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மறுபடியும் கூடத்துக்குப் போவார். பதினொரு வருஷம் பேராயராக இருந்த மனிதர். ஊதா அங்கியும் கழுத்தில் சிலுவையுமாக அவர் ஆலயத்துக்குள் நுழைந்தால் ஆயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். இப்போது லுங்கியும் பனியனுமாக, திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீட்டில், மனைவியின் ஒரே ஒரு கையெழுத்துக்காக அலைந்துகொண்டிருந்தார்.

"இன்னும் படிக்கலியா ரஞ்சிதம்?"

"படிச்சேன்."

"அப்ப போட வேண்டியதுதான?"

"பருப்பு வெந்துகினு இருக்குது."

பருப்பை இறக்கி வைத்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஆங்கிலிக்கன் வழியில் வந்த சபையில் முப்பத்தெட்டு வருஷம் ஊழியம் செய்தவர் அவர். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போது, ஒரு நாள் மோதிரத்தையும் கோலையும் ஒப்படைத்துவிட்டு, கத்தோலிக்கனாகப் போகிறேன் என்று அறிவித்தார். யாரோடும் சண்டை இல்லை. ஏழு வருஷம் புத்தகம் புத்தகமாகப் படித்துத் தள்ளியதில், ரோமாபுரியை விட்டுப் பிரிந்து நிற்பது தவறு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ராஜமாணிக்கத்துக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் பிடித்த பிடிதான். போன வருஷம் கத்தோலிக்கக் கோயிலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, சபையில் முழு உறுப்பினராக்கும் உறுதிபூசுதல் சடங்கை வாங்கிக்கொண்டார். பழைய சபையில் அதே சடங்கில் அவர் தலையில் கைவைத்துத் திடப்படுத்திய பிள்ளைகளே நாலாயிரம் பேர் இருப்பார்கள். ரஞ்சிதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை அடக்குவது என்று தெரியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் மாறவில்லை. "கர்த்தரோட எனக்கு ஒரு தகராறும் இல்லீங்க, நான் இருக்கிற எடத்துலயே இருக்கறேன்," என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு ஆட்டோவில் பூசைக்குப் போவார். அவள் இன்னொரு ஆட்டோவில் ஆராதனைக்குப் போவாள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட்டும் புவனாவுக்கு இது விளங்கவே இல்லை. "ரெண்டு பேரும் ஒரே சாமிக்குத்தானம்மா போறீங்க, ஒரே ஆட்டோல போனா இன்னா?" என்று கேட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவது ராஜமாணிக்கத்துக்குப் போதவில்லை. பலிபீடத்தில் நின்று தானே பூசை நடத்தாமல் அவரால் இருக்க முடியாது. மனைவி உள்ள ஒருவர் கத்தோலிக்கக் குருவாவதற்கு ரோமாபுரியிலிருந்தே அனுமதி வர வேண்டுமாம், அபூர்வமாகத்தான் கொடுப்பார்களாம். அதுவும் வந்துவிட்டது. பழைய குருப்பட்டம் அங்கே செல்லாது; முதலிலிருந்து வாங்க வேண்டும். கல்யாணமானவர் என்பதால் இனி ஒருநாளும் ஆயராக முடியாது, சாதாரணக் குருதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாக்கி ஒன்றே ஒன்றுதான். மனைவியின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அதோடு ஆயர் அனுப்பும் குரு ஒருவர் வீட்டுக்கு வந்து அவளைத் தனியாக விசாரிப்பார்.

இதைக் கேட்ட அன்று ரஞ்சிதத்துக்கு உடம்பே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளை யாரும் எதற்கும் கேட்டதில்லை. சோளிங்கருக்கு மாற்றல் வந்தபோது அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. சாமான் ஏற்ற லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் விஷயமே தெரிந்தது. பள்ளிப்பட்டில் அவள் டீச்சர் வேலை பார்த்தாள். தலைமையாசிரியை ஆகிற முறை வந்த வருஷம், அவருக்கு வேறு ஊர் வந்தது. அவளுடைய ராஜினாமா கடிதத்தை அவரே எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் பேராயர் தேர்தலுக்கு நிற்கிறார் என்பதைக்கூடப் பெண்கள் சங்கத்தில் பேசிக்கொண்டதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். குருவுக்குப் பொண்டாட்டியே கூடாது என்று சொல்லும் சபைதான் கடைசியில் அவளைத் தேடி வந்து, அம்மா உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறது. என்ன சொல்ல!

ராஜமாணிக்கம் அன்று சாயங்காலமே சம்மதக் கடிதத்தை லேப்டாப்பில் அடித்து, கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 'ரஞ்சிதம் ராஜமாணிக்கம் ஆகிய நான்' என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம். எல்லாம் அவருடைய பிரசங்கத் தமிழ். நாலாவது வரியில் அவள் கண் நின்றுவிட்டது. 'என் கணவர் இதற்குமுன் பெற்றிருந்த குருத்துவம் செல்லாதது என்பதை அறிந்து, முழுமனதோடு ஏற்று' என்று இருந்தது.

அன்றிலிருந்து இருபத்திரண்டு நாளாக அவளுக்கு நிம்மதி இல்லை. கடிதத்தை பீரோவில் வைப்பாள், எடுப்பாள், படிப்பாள், மறுபடியும் வைப்பாள். சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டாள். செல்லாதது என்றால் என்ன அர்த்தம்? அவர் ஆலயத்தில் நின்றார் என்றால், அவள் வீட்டில் நின்றாள். நேரங்கெட்ட நேரத்தில் வந்தவர்களுக்குச் சோறு போட்டாள். திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவித் துடைத்தாள். அழுதுகொண்டு வந்த பெண்களின் குறையை எல்லாம் சமையலறையில் வைத்துக் கேட்டாள். செல்லாத நோட்டை வைத்துக்கொண்டா முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினாள்?

விசாரிக்க வருகிற குரு காலண்டரைப் பார்க்காமல் தேதி சொல்லியிருந்தார். அது இன்றைக்கு, ஆடிக் கிருத்திகை அன்று விழுந்தது. ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்கக் காவடி, மேளம், அரோகரா. அந்தச் சத்தத்துக்கு நடுவில், பதினொரு மணிக்கு, ஃபாதர் சவரிநாதன் நாலு கிலோமீட்டர் நடந்து, வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். கூட்டத்தில் யாரோ அவர் நெற்றியிலும் சந்தனத்தைப் பூசிவிட்டிருந்தார்கள். அவருக்கே அது தெரியவில்லை.

ராஜமாணிக்கம் அவசரமாகச் சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. "வாங்க ஃபாதர், உக்காருங்க. லெட்டரெல்லாம் ரெடி. இந்தத் திருமணமான குருக்கள் விஷயத்துல ஆரம்ப காலத்துலேர்ந்தே பாத்தீங்கன்னா..."

"ஐயா, மன்னிக்கணும். அம்மாகிட்ட தனியாப் பேசச் சொல்லித்தான் ஆயர் அனுப்பியிருக்காரு. நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

தன் வீட்டிலிருந்து தன்னையே வெளியே போகச் சொன்னது ராஜமாணிக்கத்துக்குப் புதிது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார்.

ரஞ்சிதம் தண்ணீர் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து நீட்டினாள். ஃபாதர் படித்தார். அவர் கண்ணும் நாலாவது வரியில் நின்றது.

"இந்த வரி எதுக்குங்கம்மா?"

"நீங்க கேட்டீங்கன்னுதான அவரு எழுதினாரு?"

"நாங்க கேக்கலீங்களே. அவரு குருவாகறதுல உங்களுக்குச் சம்மதமா இல்லியா, அவ்ளோதான் கேள்வி."

ரஞ்சிதம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா உங்க சபை அப்படித்தான நினைக்குது?"

"பட்டம் செல்லாதுன்னுதான் சபை சொல்லுது. அதை நான் மறைக்கலீங்க. அதுக்காக, அவரால யாருக்கும் ஒரு நன்மையும் கெடைக்கலன்னு சபை சொல்லல. எப்படியா இருந்தாலும் அதை நீங்க எழுதிக் குடுக்கணும்னு யாரும் கேக்கலீங்கம்மா."

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. யாரும் கேட்காததை அவராகவே எழுதியிருக்கிறார். அதுவும் அவள் பெயரில்.

"நான் சம்மதம் இல்லன்னா?"

"இல்லன்னு போய்ச் சொல்லுவேன். காரணம் கேக்க மாட்டேன். அதோட இந்த விஷயம் முடிஞ்சுது."

இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காவடிக் கூட்டம் இடித்துக்கொண்டு போக, கோணல் பொத்தானோடு அவர் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ அவரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். உடனே மனசு இளகிவிட்டது என்று சொன்னால் பொய். கோபம் அப்படியேதான் இருந்தது. கோபத்தோடுதான் பாடகர் குழுவுக்குப் பாட்டு எழுதி வைக்கும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். நின்றபடியே மூன்று வரி எழுதினாள். வாசலுக்குப் போய் அவரைக் கூப்பிட்டாள்.

"படிங்க. படிச்சிட்டு ஃபாதர் கையில குடுங்க."

ராஜமாணிக்கம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். 'என் கணவர் முப்பத்தெட்டு வருஷம் குருவாக இருந்தார். சாகிற வரைக்கும் குருவாக இருக்க ஆசைப்படுகிறார். எனக்குச் சம்மதம். ரஞ்சிதம்.'

அவர் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தது. அவள் எழுதிய எதையும் அவர் திருத்தாமல் விட்டதில்லை.

"'குருவாக இருந்தார்'னு போடக் கூடாது ரஞ்சிதம். 'ஊழியம் செய்தார்'னு மாத்திடலாம். மேலிடத்துக்குப் போற காகிதம் இது."

"போவட்டும்."

"என்னை அங்க ஏத்துக்கறதே முன்னாடி நான் குரு இல்லன்றதை வெச்சித்தான். நீ பாட்டுக்கு இப்படி எழுதினா..." அவர் ஃபாதர் பக்கம் திரும்பினார். "இதை ஆயர் ஏத்துக்குவாரா?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. அம்மா சொல்றதை வாங்கிக்கினு வரச் சொன்னாங்க. அம்மா சொன்னது இதுதான்."

ராஜமாணிக்கம் பேனாவின் மூடியைக் கழற்றினார். ரஞ்சிதம் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றவர் முன்னால் அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க எத்தினி புஸ்தகம் வேணா படிச்சி, செல்லாதுன்னு சொல்லிக்குங்க. அது உங்க இஷ்டம். மணவூர் ஸ்டேஷன்ல ரயில்ல அடிபட்டவனை மடியில போட்டுக்கினு, அவன் மூச்சு நிக்கற வரைக்கும் காதுல வசனம் சொல்லிக்கினே இருந்தீங்களே. அந்த அங்கியை மூணு வாட்டி தோய்ச்சேன், கறை போவல. அவன் பொண்டாட்டி உங்க காலைப் புடிச்சிக்கினு அழுததை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அது ஒண்ணுமில்லன்னு என் கையால எழுதித் தர மாட்டேன். இதை இப்படியே குடுத்தா குடுங்க. இல்லாட்டி கிழிச்சிப் போடுங்க. ரெண்டுக்கும் எனக்குச் சம்மதம்தான்."

தெருவில் ஒரு மேளம் நெருங்கி வந்து, வீட்டைக் கடந்து போயிற்று.

ராஜமாணிக்கம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் கேட்ட குரல் பிரசங்க மேடைக் குரலாக இல்லை. "அதெல்லாம் நெஜம்னுதான் நீ நினைக்கறியா ரஞ்சிதம்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கேள்வியைத்தான் இந்த மனிதர் இத்தனை வருஷமாகப் புத்தகங்களிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பயந்துபோய் இருந்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"நெஜம் இல்லாமயா உங்க பின்னாடி ஊர் ஊரா வந்தேன்?" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஃபாதர் சவரிநாதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ராஜமாணிக்கம் பேனாவை மூடினார். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல், தாளை இரண்டு கையாலும் பிடித்து ஃபாதரிடம் கொடுத்தார்.