பின் இருக்கையில் இரட்டைப் பிணைப்பு

வேதியியலில் ஒருமுறை கோட்டை விட்ட மகளை மறுதேர்வுக்கு அப்பாவே காரில் அழைத்துப் போனார். இந்த முறையும் தவறினால் நர்சிங் படிப்பில் சேர முடியாது. முன் இருக்கையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். ஒன்று போய், அதன் இடத்துக்கு இன்னொன்று வந்தால் பதிலீட்டு வினை. அப்பாவின் வேலை மாற்றல் மாதிரி. அது தெரியும். சேர்க்கை வினையும் நீக்க வினையும்தான் மண்டையில் ஏறவில்லை.

பின்னால் புதுமணத் தம்பதியான அண்ணனும் அண்ணியும் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

வழியில் அத்தையும் பெரியப்பாவும் கை காட்டினார்கள். "நாங்களும் அந்தப் பக்கந்தான்டா!"

ஒல்லியான அத்தை அண்ணி பக்கம் ஏறினார். கதவு மூட இடம் கொடுக்காத பெரியப்பா அண்ணன் பக்கம். முதல் வளைவிலேயே அத்தை அண்ணியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா அண்ணனின் ஒரு கையை. தம்பதிக்குள் மிஞ்சியது ஒற்றைப் பிடி.

மகள் திரும்பிப் பார்த்தாள். "அட! இரட்டைப் பிணைப்பு உடைஞ்சு, ஆளுக்கு ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இதான் சேர்க்கை!"

"முன்னாடி பாருடி," என்றான் அண்ணன்.

ஏ.சி. வேலை செய்யவில்லை. பெரியப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. "இது காரா, அடுப்பா? நிறுத்துடா தம்பி, நான் பஸ்ல வரேன்."

"உங்களத் தனியா விட்டா வேற ஊருக்குப் போயிடுவீங்க," என்று அத்தையும் இறங்கினார்.

கதவு மூடியதும் நான்கு கைகளும் மறுபடி கோத்துக்கொண்டன.

"சூடு ஏறினதும் ரெண்டு பேரும் கழண்டுட்டாங்க, பழைய பிணைப்பு வந்துடுச்சு. நீக்கம்!"

"அம்மா தாயே, பாடத்தை எழுது, எங்களை எழுதாதே," என்று அண்ணி கும்பிட்டாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது தேர்வு மையத்தின் வாசலில் அத்தையும் பெரியப்பாவும் நின்றார்கள். 'அந்தப் பக்கம்' என்றது இதைத்தான்.

"சேர்க்கையும் நீக்கமும் கேள்வியா வந்துது அத்தை. நீங்க ஹைட்ரஜன், பெரியப்பா புரோமின்."

பெரியப்பா காலரைச் சரிசெய்தார். "புரோமின்னா பெரிய ஆளோ?"

"அத்தையை விட எண்பது மடங்கு எடை."

அத்தை தெருவென்றும் பாராமல் சிரித்தார். பெரியப்பா காரில் ஏற மறுத்துவிட்டார்.

மகள் தேறினாள். பாடம் புரிந்ததே தன்னால்தான் என்று பெரியப்பா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். எடை விவரத்தை மட்டும் விட்டுவிடுகிறார்.