ஒருநாள் ஸ்டேஷன் மாஸ்டர்

ஜப்பானில் உராகமே என்ற சின்ன ஊரின் ஸ்டேஷனில் வேலைக்கு ஆள் கிடையாது. கடலை ஒட்டி ஒரு பிளாட்ஃபாரம், ஒரு மரக் கொட்டகை, அதற்குள் யாரோ வீட்டிலிருந்து உட்காரக் கொண்டுவந்து போட்ட நான்கு சிறு மெத்தைகள், அவ்வளவுதான். ஒற்றைப் பெட்டி டீசல் வண்டியில் டிரைவரே கண்டக்டர். காலை பத்து மணி இருபது நிமிட வண்டிக்கு அங்கே ஏறுவது சுமியே என்ற கிழவி ஒருத்திதான். அவள் உட்கார்ந்ததும் டிரைவர் மைக்கை எடுத்து, "பயணிகள் அனைவருக்கும் வணக்கம். கதவு மூடப்படுகிறது, கவனம்" என்று காலிப் பெட்டிக்கு அறிவிப்பார். சுமியேயும் மரியாதையாகத் தலை குனிவாள். பயணிகள் அனைவரும் அவள்தானே.

மூன்றாவது ஸ்டேஷனில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவள் கணவர் தோகுஜி படுத்திருந்தார். நாற்பது வருஷம் கடலில் கணவாய் மீன் பிடித்த மனிதருக்குப் பக்கவாதம் வந்தபின் கரண்டி பிடிக்க முடியவில்லை. நர்ஸ் ஊட்ட வந்தால் வாயை இறுக்கிக்கொள்வார். சுமியே ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். அவளுக்கோ கார் ஓட்டத் தெரியாது. வண்டி நின்றுபோனால் மனுஷனுக்கு மதியச் சாப்பாடு இல்லை.

ஸ்டேஷனை மூடப்போவதாக ரயில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததும் ஊருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்ச் சங்கத் தலைவர் ஹகினோ 'ஏறிக் காப்போம் குழு' ஆரம்பித்தார். ஏழு கூட்டம் போட்டார்கள். ஏழுக்கும் எல்லோரும் காரில் வந்தார்கள். எட்டாவது கூட்டம் முழுக்க, ஸ்டேஷன் வாசலில் கார் நிறுத்த இடம் போதவில்லை என்பதைப் பற்றித்தான் பேச்சு.

கம்பெனி ஆட்கள் பயணிகளை எண்ண வரும் நாளில், அந்தப் பத்து இருபது மணி வண்டியில் ஊரே ஏறுவது என்று முடிவாயிற்று. அன்று காலை கஞ்சிப் பாத்திரத்தோடு சுமியே வந்தபோது பிளாட்ஃபாரத்தில் கால் வைக்க இடமில்லை. தலைக்குத் தலை ரிப்பன், கைக்குக் கை கொடி. ஹகினோ ஓடிவந்து குனிந்தார்.

"சுமியே அம்மா, உங்களுக்கு ஒரு பெரிய மரியாதை வெச்சிருக்கோம். இன்னிக்கு ஒருநாள் ஸ்டேஷன் மாஸ்டர் நீங்கதான்!"

அவள் தலையில் தொப்பி ஏறியது. கையில் வெள்ளைக் கையுறை, பச்சைக் கொடி, சுருட்டிய சிவப்புக் கொடி.

"ஐயோ, எனக்கு எதுக்குங்க தலைவரே. நான் வண்டியில போகணும்..."

"பாத்தீங்களா, என்ன ஒரு அடக்கம்!" என்றார் ஹகினோ.

"இல்லீங்க, நெஜமாவே வேணாம். அவருக்குச் சாப்பாடு..."

கூட்டம் கைதட்டியது. அந்த ஊரில் மரியாதையை ஒப்புக்கொள்ளும் முன் மூன்று தடவை மறுப்பதுதான் முறை. சுமியே மூன்றாவது தடவையும் மறுத்தாள். அதோடு அவள் ஒப்புக்கொண்டதாக முடிந்தது.

"நீங்கதான் தினமும் போறீங்களே! இன்னிக்குப் புதுசா ஏறுறவங்களுக்கு எடம் விடுங்க. மாஸ்டரே ஏறிட்டா கொடிய யாரு காட்டுறது?"

எழுபத்து நான்கு பேர் ஏறினார்கள். மூச்சு விட இடமில்லை. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். சுமியே பச்சைக் கொடி காட்டினாள், வண்டி போயிற்று. அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, அங்கே காத்திருந்த வேனில் எல்லோரும் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கும் விருந்துக்கும் போய்விட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த வண்டி ஒன்றே முக்காலுக்கு. அவள் போய்ச் சேர்ந்தபோது தோகுஜியின் சாப்பாட்டுத் தட்டு தொடாமலே திரும்பியிருந்தது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ர...ரயில் ஓடலியா?"

"ஓடுச்சுங்க. நெரம்பி வழிஞ்சு ஓடுச்சு" என்றவள் அப்படியே அழுதுவிட்டாள். தொப்பியைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. பயணிகளை எண்ணிய நாளில் மக்கள் காட்டிய அன்பைக் கண்டு கம்பெனி மனம் நெகிழ்ந்துவிட்டதாம். ஸ்டேஷனை மூடமாட்டார்கள். திருவிழா மாதிரி விசேஷம் வரும் ஞாயிறுகளில் வண்டி நிற்கும், மற்ற நாளில் நிற்காமல் போகும். ஊர் மதுக்கிண்ணம் தூக்கிக் கொண்டாடியது.

"காப்பாத்திட்டோம்!" என்று வீடு தேடி வந்தார் ஹகினோ. "ஸ்டேஷன் வாசல்ல முப்பது கார் நிறுத்த எடம் கட்டப்போறோம். அந்தக் கொடியெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும், ஞாபகார்த்தமா."

"தலைவரே, அப்ப வார நாள்ல நான் எப்பிடிப் போறது?"

"அட, எப்பவாவது யாராவது கார்ல விட்டுட மாட்டோமா!"

தோகுஜிக்குப் பசி எப்போதாவது வருவதில்லை, தினமும் வந்தது.

புது அட்டவணை தொடங்கிய திங்கட்கிழமை, சுமியே தொப்பி போட்டு, கையுறை மாட்டி, கஞ்சிப் பாத்திரத்தோடு பிளாட்ஃபாரத்தில் நின்றாள். பத்து இருபதுக்கு வண்டி மலைச் சுரங்கப்பாதையைவிட்டு வெளியே வந்தது. அவள் சிவப்புக் கொடியை விரித்தாள்.

தண்டவாளம் அலற வண்டி நின்றது. டிரைவர் வெளிறிப்போய் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்னம்மா ஆபத்து? லைன்ல என்ன?"

"லைன்ல ஒண்ணுமில்ல தம்பி. தொந்தரவு குடுக்குறேன், மன்னிச்சுக்கணும். வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டு நேரம்."

டிரைவர் கொடியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். சிவப்பைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்று விதி இருந்தது. நின்றபின் இப்படி ஒருத்தியை என்ன செய்வது என்று எந்த விதியும் சொல்லவில்லை. கதவைத் திறந்தார்.

"நிறுத்தினதுக்குக் காரணம் எழுதணும்மா. நாளைக்கும் இப்பிடித்தானா?"

"நாளைக்கும் பசிக்குமே தம்பி."

அவர் நோட்டை எடுத்து நிதானமாக எழுதினார்: 'உராகமே. அவசர நிறுத்தம். காரணம்: ஸ்டேஷனில் பயணி இருந்தார்.'

பிறகு மைக்கை எடுத்தார். "பயணிகள் அனைவரிடமும் மன்னிப்புக் கோருகிறோம். வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்படுகிறது."

பயணிகள் அனைவர் சார்பிலும் சுமியே தலை குனிந்து மன்னித்தாள்.