மார்லிஸ் பிடித்த செய்தித்தாள்

ஓர்வில் ட்வெய்ட் தன் மனைவியை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்திருந்தார். ஒன்றில்கூட அவள் முகம் கிடையாது.

இதில் பாசக்குறைவு எதுவும் இல்லை. லென்ஸ்களின் ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

சுப்பீரியர் ஏரிக்கரையில், இரும்புத்தாது ஏற்றக் கப்பல் வந்துபோகிற சின்ன ஊர் அவர்களுடையது. அங்கே ஓய்வுபெற்ற ஆண்கள் இரண்டு வகை. மீன் பிடிப்பவர்கள், மீன் பிடித்ததாகச் சொல்பவர்கள். முப்பத்தொரு வருடம் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த ஓர்வில், மூன்றாவதாக ஒரு வகையைத் தொடங்கிவைத்தார். மிரர்லெஸ் கேமரா வாங்கினார்.

கேமரா தனியாக வந்தது. அதற்குத் துணையாக ஒரு லென்ஸ் வந்தது. அந்த லென்ஸுக்கு எட்டாததை எட்ட இன்னொன்று, அது விழுங்கிய வெளிச்சத்தை மீட்க வேறொன்று. பதினோரு வருடத்தில் பதினேழு லென்ஸ்கள். அவற்றில் பெரியதை வாசலில் முக்காலி மேல் நிறுத்தினால், ஆறு மைல் தள்ளிப் போகிற கப்பலில் சமையல்காரர் முட்டையைத் திருப்பிப் போடுவது தெரியும். ஒருநாள் முட்டை தீய்வதைப் பார்த்து ஓர்வில் கரையிலிருந்து கத்தினார். கத்தியது உண்மை. அந்த ஆள் அடுப்பை அணைத்தாரா என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து உண்டு.

லென்ஸை மாற்றுவது அவர் வீட்டில் சாதாரணக் காரியம் இல்லை. கழற்றிய நொடியில் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் வெட்டவெளியில் கிடக்கும், ஒரு தூசி உட்கார்ந்தால் போயிற்று. ஆகவே குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு, ஆவியில் தூசி எல்லாம் தரையில் படிந்த பிறகுதான் மாற்றுவார். சாப்பிட வந்திருந்த பாஸ்டர் ஒருமுறை அந்தக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்த் தன் அவசரத்தை முடித்துக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. புது லென்ஸ் எதுவானாலும் முதலில் சுவரைத்தான் பார்க்க வேண்டும். சுவர் பார்க்காத லென்ஸ் மனிதரைப் பார்க்கக் கூடாது.

சுவர் என்றால் வீட்டுப் பின்பக்கம் ஆணிக்கடையின் பக்கச்சுவர். ஜன்னல் இல்லாத, நூறு வருடச் செங்கல். முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரையில் வெள்ளைப் பெயிண்டால் மூன்று புள்ளி வைத்திருந்தார். நேராக நிறுத்திப் படம் எடுத்து, கணினியில் நாலு மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு செங்கலாகப் பார்ப்பார். நடுவில் எல்லா லென்ஸும் யோக்கியமாகத்தான் இருக்கும். ஓரத்தில்தான் சாயம் வெளுக்கும். ஓரத்தைச் சோதிக்கப் பொடி எழுத்து வேண்டும் என்று சுவரின் இடதுகோடியில் ஒரு செய்தித்தாளை ஒட்டிப் பார்த்தார். ஏரிக்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. அன்று முதல் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது மனைவி மார்லிஸின் வேலையானது.

"இன்னும் கொஞ்சம் மேல," என்பார். "இன்னும். மூக்கு தெரியுது. ஆங், அப்படியே இரு."

இப்படித்தான் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டின்போது மார்லிஸ் ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை சர்ச்சுல நம்ம நாப்பதாவது வருஷம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. நான்தானே ஹால் சாவி வாங்கணும்."

"கேக் பக்கத்துல வைக்க ஒரு போட்டோ வேணும்."

"கல்யாணப் போட்டோ இருக்கே."

"அது இருக்கு. இப்ப உள்ளது ஒண்ணு வேணும். என்னோடது. முகத்தோட."

ஓர்வில் யோசித்தார். "எந்த லென்ஸ்ல எடுக்கறதுன்னு பார்க்கணும்."

"நிதானமாப் பாரு. முடியலேன்னா சொல்லிடு. ரோலி எடுத்துத் தரேன்னான். போன்ல."

ஓர்வில் வாய்க்குக் கொண்டுபோன முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

ரோலி மார்லிஸின் தம்பி. மீன் பிடிக்கும் வகை. அவன் போனின் கண்ணாடி ஒரு பெரிய மீன் துள்ளியதில் விரிசல் விட்டு மூன்று வருடம் ஆகிறது. அவன் எடுக்கிற படத்தில் எல்லாம் அவன் கட்டைவிரலும் ஒரு விருந்தாளியாக வந்து நிற்கும். ஆனாலும் சர்ச்சில் அதை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து, "நல்லா வந்திருக்கே" என்பார்கள். சனிக்கிழமை ஊரே வரும். ஓர்வில் செயலாளராக இருக்கிற கேமரா சங்கத்தின் ஒன்பது பேரும் வருவார்கள். வீட்டில் பதினேழு லென்ஸை வைத்துக்கொண்டு கேக் பக்கத்தில் ரோலியின் கட்டைவிரலை நிறுத்துவதைவிட, ஏரி மேல் நடந்தே கனடா போய்விடலாம் என்று ஓர்வில் நினைத்தார்.

"வேண்டாம். நான் எடுக்கறேன்," என்றார்.

திங்கட்கிழமை வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைக்குடையைப் புறக்கடையில் விரித்தார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. எதிர்க்கரையில் ஒருவர் அதன் கீழ் உட்கார்ந்து தூண்டில் போடுவதாகப் புதன்கிழமை தகவல் வந்தது.

செவ்வாயன்று பதினேழு லென்ஸையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்து, மனைவியின் முகத்துக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடித்தார். முகத்துக்கென்றே செய்த லென்ஸ் ஒன்று உண்டு. அவசரத் தபாலில் வரவழைத்தார். புதனன்று வந்தது, சுவரைப் பார்த்தது, இடதுகோடியில் வழுக்கியது. திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று கேட்டார். வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.

வியாழக்கிழமை மார்லிஸ் முடியைச் சுருட்டிவிட்டு, நீலக் கவுன் போட்டுக்கொண்டு வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"பழைய லென்ஸ்லயே எடு. எனக்கு வித்தியாசம் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றார். இருந்தாலும் எடுத்தார். இரண்டு மணி நேரம், தொள்ளாயிரம் படம். அந்தக் கேமரா சத்தமே போடாமல் எடுக்கிற ஜாதி. அவ்வளவு படமும் எடுத்து முடித்து உள்ளே போய்க் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். மெமரி கார்டு இல்லை. அது கணினியிலேயே இருந்தது. கார்டு இல்லை என்று கேமரா இரண்டு மணி நேரமும் திரையின் மூலையில் சிவப்பாக எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஓர்வில் அவளுடைய இமை மயிரின் கூர்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சிரிச்சதெல்லாம் எங்க போச்சு?" என்றாள் மார்லிஸ்.

"எங்கயும் போகல. பதியல."

"ரெண்டு மணி நேரம் சிரிச்சேன், ஓர்வில். கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு சிரிக்கல."

ஓர்வில் நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, இனி எதையும் கோட்டை விடுவதில்லை என்று மெனுவில் இருந்த அத்தனையையும் இயக்கிவைத்தார். கண்ணைத் தேடிப் போகஸ் செய்யும் வசதி, பறவையைத் தேடும் வசதி, ரயிலைத் தேடும் வசதி. கடைசியாக ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்துவதற்கு அரை நொடி முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பதியும் வசதி. பறவை பறந்துபோன பிறகு அழுத்துகிற வயதானவர்களுக்காகச் செய்தது. அதையும் இயக்கினார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லென்ஸ் வந்தது. குளியலறையில் ஆவி எழுந்து, மாற்றம் நடந்து முடிய மூன்றரை. வானம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. மார்லிஸ் அதே நீலக் கவுனில் தயாராக நின்றாள்.

"வெளிச்சம் போகுது. நேரா என்னை எடுத்துடு."

"சுவரப் பார்க்காம எப்படி மார்லிஸ்?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அன்றைய செய்தித்தாளை எடுத்துக்கொண்டு புறக்கடைக்கு நடந்தாள். முதல்நாள் ராத்திரி பெய்த மழைத்தண்ணீர் சுவரோரம் குட்டையாக நின்றதால், நாலடி முன்னால் தள்ளியே நின்றாள்.

"தாளத் தூக்கு," என்றார் ஓர்வில். தூக்கினாள். அழுத்தினார். "இறக்கு. ம், தூக்கு." அழுத்தினார். இப்படி நாற்பது தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு திருகு மாற்றி. நாற்பத்தொன்றாவதுக்குக் கேமராவை அவள் முகத்துக்குத் திருப்பியபோது திரை அணைந்தது. குளிரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. உபரி பேட்டரி நாலும் சார்ஜரில் பத்திரமாக இருந்தன. சார்ஜரின் வால் மட்டும் சுவரில் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் பனி தூற ஆரம்பித்தது.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு ரோலி வந்தான். கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஓவனில் வைத்து எடுத்த பாத்திரம் மேசை நடுவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஓர்வில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணினியில் செங்கல் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"எல்லாம் மங்கல்," என்றார். "வலது கோடி மங்கல், நடு மங்கல். ஒரு செங்கல்கூடத் தேறல."

"அப்ப நான் போனை எடுக்கட்டுமா?" என்றான் ரோலி. போன் ஏற்கெனவே அவன் கையில்தான் இருந்தது.

"கையக் கழுவிட்டு எடு," என்றாள் மார்லிஸ். "மீன் நாத்தம் போட்டோல வந்துடப் போவுது."

ஓர்வில் அடுத்த செங்கலுக்குப் போனார். தோற்றவர் பேசக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ரோலி கையைத் துடைத்துக்கொண்டே அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பெரிய திரையில் ஒற்றைச் செங்கல். கீழே பொடிப்பொடியாக முழுப்படங்களின் வரிசை. ஓர்வில் முழுப்படத்தைப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். பதினோரு வருடமாக அவர் பார்த்தது மூலைகளைத்தான்.

"இது யாரு?" என்றான் ரோலி.

"எது?"

"இதோ. இந்தக் குட்டியா இருக்கறது. பெருசு பண்ணு."

"அதுல ஒண்ணும் இல்ல. தாளத் தூக்கறதுக்கு முந்தின அரை நொடி. வேஸ்ட்டு."

"பெருசு பண்ணு, ஓர்வில்."

பெரிதாக்கினார். செய்தித்தாள் மோவாய்வரைதான் ஏறியிருந்தது. அதற்கு மேலே மார்லிஸ். சுருட்டிவிட்ட முடி காற்றில் ஒரு பக்கமாகப் பறக்க, ஒரு கண்ணைச் சிமிட்டி, கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்து முழு நாக்கையும் நீட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இமை மயிரையும் தனித்தனியாக எண்ணலாம். கேமரா அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டதில், நாலடி பின்னால் சுவர் முழுக்கச் சிவப்பு மேகமாகக் கரைந்து கிடந்தது.

ஓர்வில் அடுத்ததைத் திறந்தார். அதிலும் நாக்கு. அதற்கடுத்ததில் நாக்கோடு மாறுகண்ணும் சேர்ந்திருந்தது. தாள் முகத்தை மூடிய படங்களில் எல்லாம் கேமரா, தாளில் அச்சாகியிருந்த ஒரு ஹாக்கி கோல்கீப்பரின் கண்ணைப் பிடித்து வைத்திருந்தது.

"நாப்பது தடவையும் நாக்க நீட்டினியா?" என்றார்.

"இன்னிக்கு நாப்பது," என்றாள் மார்லிஸ், பாத்திரத்திலிருந்து தனக்குப் பரிமாறிக்கொண்டே. "நாலாயிரத்துச் சொச்சம்னு நீதானே கணக்குச் சொல்வே."

"பதினோரு வருஷமாவா?"

"ஒரு லென்ஸ் விடல."

ரோலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிந்ததும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். "இதவிட நான் என்னத்த எடுக்கறது," என்றான். ரோலி வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

"அந்த ரெண்டாவத அச்சுப் போடு," என்றாள் மார்லிஸ். "காது தொங்கட்டான் நல்லாத் தெரியுது."

"செங்கல் மங்கலா இருக்கே."

"செங்கல்லுக்கா நாப்பதாவது வருஷம்?"

சனிக்கிழமை சர்ச்சில் கேக்கைவிடப் படத்தின் முன்னால்தான் கூட்டம். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் பார்த்தார். கேமரா சங்கத்தின் ஒன்பது பேரும் மூக்கு படத்தில் இடிக்கும் தூரத்தில் நின்று, இந்தப் பின்னணி எப்படிக் கரைந்தது, எந்த லென்ஸ் என்று மாறி மாறிக் கேட்டார்கள். ஓர்வில் கையில் காப்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும், அது பழுதான லென்ஸ், வலதுகோடியைப் பாருங்கள், ஒரு செங்கலும் தேறவில்லை, திங்கட்கிழமை திருப்பி அனுப்புகிறேன் என்று விளக்கினார். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை லென்ஸைப் பெட்டியில் அடக்கம் செய்து, கூடவே வைக்க வேண்டிய படிவத்தை எடுத்தார். திருப்பி அனுப்பக் காரணம் என்று போட்டிருந்த இடத்தில், தபால்காரரின் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: செங்கல் அத்தனையும் மங்கல். மனைவி மட்டும் தெளிவு.

மார்லிஸ் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று ஓர்வில் பிறகு சொன்னார்.

"புகார்தானே எழுதிருக்கே?" என்றாள்.

"பின்ன? கடுமையான புகார்."

அவள் படிவத்தை உருவி எடுத்து, குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தை வைத்து மாட்டினாள்.

"லென்ஸ வேணா அனுப்பிக்கோ," என்றாள். "கடைக்காரனுக்கு வேற ஒண்ணு எழுது."